பன்றி இல்லாத பஞ்சு

அந்த யோசனை எனக்கு வந்தபோது சின்னம்மாவின் வாய் அகலத் திறந்திருந்தது. பல்வைத்தியர் விளக்கை இழுத்து, கீழ்த்தாடையின் கடைசிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழமைபோல நாற்காலியின் கால்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஹனோவருக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. கடையிலும் பேருந்திலும் வேலையிடத்திலும் அவருடைய டொச், அதாவது ஜேர்மன் மொழி, கத்திபோல வெட்டும். வைத்தியரைக் கண்டால் மட்டும் அது எங்கோ ஒளிந்துகொள்ளும். உடனே எனக்கு அழைப்பு வரும்.

வைத்தியர் ஒரு சிறிய உறையைப் பிரித்து, கிடுக்கியால் வெள்ளைச் சதுரமொன்றை எடுத்துக் காட்டினார். தொலைக்காட்சி வரும் பெட்டிக்குள் அடைத்திருக்கும் ரெஜிபோம் நுரைக்கட்டியில் ஒரு விரல்நுனி அளவு பிய்த்தது போல இருந்தது.

"பல்லைப் பிடுங்கியதும் குழிக்குள் இதை வைப்பேன். இரத்தத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் தானாகக் கரைந்துவிடும்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் அதன்மேல் ஒரு துளி தண்ணீரும் விட்டார். துளி மேலே நிற்கவில்லை, வழியவும் இல்லை, உள்ளே போய்விட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒரு பஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், ஒன்றோடொன்று தொடுத்த ஓட்டைகள். இதைத்தானே எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வாரம்தோறும் செய்து செய்து எறிகிறோம்!

அதற்குள் சின்னம்மா வாயை மூடிவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, உது எதிலை செய்தது எண்டு கேள்."

கேட்டேன். "ஜெலட்டின். பன்றித்தோலிலிருந்து எடுப்பது" என்றார் வைத்தியர். நான் கொஞ்சமாவது மூளையைப் பாவித்திருக்கலாம். பாவிக்கவில்லை. வந்த சொல்லை வந்தபடியே தமிழாக்கினேன்.

சின்னம்மா நாற்காலியில் எழும்பி உட்கார்ந்தார். "எனக்கு வேண்டாம் எண்டு சொல்லு."

"சின்னம்மா, இது சாப்பாடில்லை."

"வாய்க்கை வைக்கிறது பின்னை என்ன, காதுக்கையே?"

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் சின்னம்மாவின் இதய வால்வு ஒன்று பழுதாகி மாற்ற வேண்டி வந்தது. ஒன்று பன்றியிலிருந்து எடுப்பது, மற்றது உலோகமும் கரியும் சேர்ந்தது என்று மருத்துவமனையில் இரண்டு வகையைச் சொன்னார்கள். அன்றும் நான்தான் மொழிபெயர்ப்பு. சின்னம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இரும்பு மச்சமில்லைத்தானே, அதைப் போடச் சொல்லு" என்றார். மச்சம் என்றால் எங்கள் பேச்சில் மீனும் இறைச்சியும். உலோக வால்வில் இரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக அன்றிலிருந்து தினமும் இரத்தத்தை இளக்கும் குளிசை. அந்தக் குளிசையை ஒரு பல்லுக்காக நிறுத்த முடியாது. நிறுத்தாமல் பிடுங்கினால் இரத்தம் லேசில் நிற்காது. அதை நிறுத்தத்தான் இந்தப் பஞ்சு. பஞ்சு பன்றி. ஐந்து வருடம் ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பன்றி திரும்பவும் எங்கள் வாசலில் வந்து நின்றது.

இன்னும் எரிச்சலான விஷயம், சின்னம்மா வேலை செய்வது ஒரு முதியோர் இல்லச் சமையலறையில். காலையில் கையுறை போட்டுக்கொண்டு பன்றி இறைச்சிச் சொசேச் கிலோக் கணக்கில் வெட்டுகிறவர். வெளியே வந்து மேலங்கியைப் போடும்போது அதைச் சொல்லிக் காட்டினேன்.

"வேலையிலை தொடுறது வேறை, வாய்க்கை வைக்கிறது வேறை. உனக்கு இவ்வளவு படிச்சும் உது விளங்கேல்லை" என்றார்.

அதற்கு முன், உள்ளே வைத்தியரிடம் நான் என்ன சொன்னேன்? "அவ இன்னொரு நாளைக்கு வர விரும்புகிறா" என்று மட்டும். வைத்தியர்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் காரணங்களைச் சுருக்கி, மழித்து, பிரச்சினை இல்லாத ஒரு வசனமாக்கிக் கொடுப்பது எனக்கு எட்டு வயதிலிருந்து பழக்கம். அவர் நெற்றியைச் சுருக்கினார். பல்லின் அடியில் சீழ் இருக்கிறது, செயற்கை வால்வு உள்ளவருக்கு இது விளையாட்டல்ல, கிருமி இரத்தத்தோடு வால்வுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். கிருமிக்கொல்லி மருந்து எழுதித் தந்து, மூன்று வாரத்துக்கு அப்பால் அடுத்த வருகைக்கு ஒரு டெர்மின் போட்டார். அதற்கு முன் ஏதும் என்றால் உடனே வரச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் தலைக்குள் அப்போது பஞ்சு மட்டும்தான் இருந்தது. இரத்தத்தைப் பிடிப்பது பன்றி அல்லவே, ஓட்டைகள்தானே. ஓட்டைகளை வேறு எதில் வேண்டுமானாலும் செய்யலாமே. மூன்று வாரம் போதும் என்று நினைத்தேன்.

ஆம், நினைத்தேன். இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

எங்கள் ஆய்வுகூடத்தில் இந்தப் பஞ்சுகளைச் செய்யும் விதம் மிக எளிது. எளிதாகத் தெரியும் என்பதுதான் அதன் கெட்ட குணம். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கரைந்த ஒரு கரைசலை எடுத்து உறைய வைக்கிறோம். தண்ணீர் பனிப்பளிங்காக வளர வளர, சங்கிலிகள் பளிங்குகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய சந்துகளுக்குள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. அந்த நெருக்கத்தில் ஒன்றையொன்று பிடித்துப் பின்னிக்கொள்கின்றன. பிறகு உருக விட்டால் பனி தண்ணீராகி வெளியேறும். பனி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு பளிங்கு மற்றதைத் தொட்டு வளர்ந்திருப்பதால் ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டே இருக்கும். அதற்குள் செல் நுழையும், இரத்தம் நுழையும், எதுவும் நுழையும். எங்கள் குழு அதற்குள் குருத்தெலும்புச் செல்களை வளர்க்கப் பார்க்கிறது. பக்கத்து அறையில் அதே வகைப் பஞ்சைக் குழாயில் அடைத்து, கலங்கல் சாற்றிலிருந்து ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்தெடுக்கிறார்கள். எனக்கு இதையெல்லாம் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருக்கும். கேட்க ஆள்தான் கிடைப்பதில்லை.

என் முதுமாணிப் பட்ட ஆய்வை நேரே பார்த்துக்கொள்பவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த முனைவர் பட்ட மாணவர். நான் அவரை அண்ணா என்பேன். அடுத்த நாள் காலை அவர் மேலங்கியைக் கழற்றுவதற்குள் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

"ஐடியா சூப்பர். டேட்டா எங்க?" என்றார்.

"இனித்தான் அண்ணா."

"அப்ப அது ஐடியா இல்லம்மா, ஆசை."

ஆனாலும் நல்ல மனிதர். என் ஆய்வுக்கான பஞ்சுகளோடு சேர்த்து, மிஞ்சும் அச்சுகளில் ஒரு பக்க முயற்சியாகச் செய்துகொள்ளலாம் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். "உங்க சித்தி வாய்ல வைக்கப் போறேன்னு மட்டும் கனவு காணாதீங்க. இது லேப் சாமான். அப்ரூவல் கிடைக்கவே வருஷக்கணக்காகும்."

"ஓம் ஓம், தெரியும்" என்றேன். தெரியும்தான். ஆனால் தெரிவதும் நம்புவதும் எனக்கு வேறுவேறு தட்டில் இருந்தன.

இரத்தத்தை நிறுத்துவதில் பேர்போன பொருள் கைட்டோசான். அதன் சங்கிலிகள் இரத்த அணுக்களைத் தம்மோடு ஒட்டவைத்துக்கொள்ளும். ஆய்வுகூட அலுமாரியிலேயே ஒரு போத்தல் இருந்தது. வினாகிரி போன்ற மென்னமிலத்தில் கரைத்து, பின்னுவதற்கான மருந்தைச் சேர்த்து, குளிரை ஒரே அளவில் பிடித்துவைக்கும் குளிர்தொட்டியில் வைத்து, உருக்கி, கழுவி, நான்காம் நாளே ஒரு பஞ்சு செய்துவிட்டேன். இலேசான மஞ்சள் நிறம். விரலால் நசித்தால் தண்ணீரெல்லாம் கக்கிவிட்டுத் தட்டையாகும். தண்ணீரில் போட்டால் பழையபடி எழும்பும். மூடிய கண்ணாடித் தட்டில் வைத்து, அன்று பின்னேரமே சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். சும்மா காட்டத்தான். பன்றி இல்லாத பஞ்சு ஒன்று இருக்கிறது என்று கண்ணால் கண்டால் மனம் மாறுமே என்று.

சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"நீயே செய்தனீ?"

"ஓம், நானேதான். பன்றியும் இல்லை மாடும் இல்லை."

"பின்னை என்ன?"

வாயைத் திறந்த பிறகுதான் என் மண்டைக்கு உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "இறால் கோது."

சின்னம்மா தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். வைத்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"எடியே, இறாலென்ன மரத்திலையே காய்க்குது?"

"சின்னம்மா, அது கோதுதான், சதையில்லை..."

"மச்சம் மச்சம்தான். நாலு வருசம் பல்கலைக்கழகத்திலை இருந்து பன்றியை இறாலாக்கிக் கொண்டு வந்திருக்கிறாய். உனக்கு ஆர் பட்டம் குடுக்கிறாங்கள்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததும் பல் வலித்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்போது எனக்குக் கோபம். அவரில் பாதி, என்னில் மீதி. பன்றி என்ற ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டு ஓடியதில், சைவம் என்ற சொல்லை நான் நினைக்கவே இல்லை. எந்த ஜேர்மன் மாணவியும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டாள். அவளுக்கு இப்படியொரு பஞ்சே தேவைப்பட்டிருக்காது. எங்கள் வீட்டில் வளர்ந்த எவரும் விட்டிருக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை எந்தச் சட்டியில் என்ன சமைக்கலாம் என்று ஆறு வயதிலேயே பாடமாக்கியவள் நான்.

காளானிலிருந்தும் கைட்டோசான் எடுக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டதும் பழையபடி பறக்கத் தொடங்கினேன். அண்ணா இன்னொரு குழுவிடம் கெஞ்சி ஒரு கரண்டித் தூள் வாங்கித் தந்தார். இனி உறையவைக்க வேண்டும். குளிர்தொட்டியின் முன்பதிவுப் பட்டியலைப் பார்த்தால், அடுத்த வாரம் முழுவதும் பக்கத்து அறைக்காரர்களின் பெயர். காத்திருந்திருக்கலாம். என்னால் ஏலாது. நடைவழியில் ஐஸ் பொதிகள் வைக்கும் ஒரு சாதாரண ஃப்ரீசர் நிற்கிறது. அதன் முகப்பில் மைனஸ் பதினெட்டு என்று எழுதியிருந்தது. குளிர் குளிர்தானே என்று அச்சுகளை அதற்குள் வைத்தேன்.

வந்த பஞ்சு, பஞ்சே இல்லை. ஒரு பக்கம் களி, மறுபக்கம் தோலைப் போல இறுகல். நசித்தால் வெடித்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. காளான் சரக்கில்தான் பிழை என்று அமிலத்தை மாற்றினேன், பின்னும் மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன், கலக்கும் வேகத்தை மாற்றினேன். பத்து நாள் போனது. பத்து நாளும் சின்னம்மா கிருமிக்கொல்லிக் குளிசையை விழுங்கிக்கொண்டு, ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தினமும் தொலைபேசியில் "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். எதற்கு இன்னும் கொஞ்சம்? அவருடைய வாய்க்குள் ஒருபோதும் போக முடியாத ஒரு பொருளுக்கு.

கடைசியில் அண்ணாதான் ஃப்ரீசருக்குள் ஒரு வெப்பப் பதிவானைப் போட்டார். மறுநாள் வரைபைத் திரையில் போட்டதும், ஒழுங்கான இடைவெளியில் ஒட்டகத் திமில்கள். பனி படியாத வகை ஃப்ரீசர் அது. சுவரில் பனி சேராமல் இருக்க, அது தன்னைத்தானே இடைக்கிடை சூடாக்கிக்கொள்ளும்.

"உங்க பஞ்சு பாவம்மா. தூங்க விட்டாத்தானே? டெய்லி எழுப்பி எழுப்பிக் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க" என்றார் அண்ணா.

பளிங்குகள் வளர்ந்து, பாதி உருகி, திரும்ப வளர்ந்து, பின்னத் தொடங்கிய சங்கிலிகளைக் கண்டபடி கிழித்திருக்கின்றன. காளானில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் பொறுமையில். எனக்கு யாரையாவது ஏச வேண்டும்போல் இருந்தது. ஏசுவதற்கு அந்த ஃப்ரீசரைத் தவிர ஒருவரும் இல்லை. அதை நன்றாக ஏசினேன்.

அந்த வாரக் கடைசி, ஞாயிறு மத்தியானம் அம்மா அழைத்தார். சின்னம்மாவுக்குக் காய்ச்சல், நடுக்கம், எழும்பி நிற்க முடியவில்லை. நான் தொலைபேசியைப் பிடித்தபடி படிக்கட்டில் இறங்கி ஓடினேன். வால்வு. மருத்துவமனையில் இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள். இதயத்தை ஒலியலைப் படத்தில் பார்த்தார்கள். சின்னம்மாவைக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு பஞ்சைப் பற்றியும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரத்தத்தில் கிருமி வளரவில்லை. வால்வு தப்பியது. குற்றவாளி அந்தப் பல் மட்டும்தான், இனி ஒரு நாளும் தள்ளாமல் பிடுங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். புதன்கிழமை காலை, டெர்மின் இல்லாமலே, பல்வைத்தியரிடம் போய் நின்றோம்.

சின்னம்மா நாற்காலியில் சாய்ந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. "பிள்ளை, அந்தப் பன்றியையே வைக்கச் சொல்லு. என்னாலை இனி ஏலாது" என்றார் மெல்லிய குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் சுருக்கும் பழக்கம் உடைந்தது. வைத்தியரிடம் முதன்முறையாக முழுவதையும் சொன்னேன். சின்னம்மா சைவம், பன்றி ஜெலட்டினால்தான் அன்று எழும்பிப் போனா, இன்று பயத்தில் சம்மதிக்கிறா, விருப்பத்தில் அல்ல.

வைத்தியர் என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, வேறொரு உறையை எடுத்தார்.

"இது செல்லுலோஸ். பருத்தி போன்ற தாவரத்திலிருந்து வருவது. எத்தனையோ வருடமாக இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே வைத்திருப்பேனே. அவருக்குப் பயம், நாள் கேட்கிறார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்."

இழுப்பறைக்கும் நான் அன்று நின்ற இடத்துக்கும் இடையில் இரண்டடி தூரம். இரண்டடி தூரத்தில் இருந்த பொருளைக் கண்டுபிடிக்க, மூன்று வாரம் நகரத்தின் மறுகரையில் இறாலையும் காளானையும் உறைய வைத்திருக்கிறேன்.

"என்னவாம்?" என்றார் சின்னம்மா.

மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை எதையும் மழிக்கவில்லை. நான் கேட்காமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

சின்னம்மா என் பக்கம் தலையைத் திருப்பினார். "அப்ப அண்டைக்கு நீ கேட்கேல்லை."

"இல்லை சின்னம்மா."

"என்னத்தை யோசிச்சுக்கொண்டு நிண்டனீ?"

"பஞ்சைத்தான்."

"விசரி" என்றார். ஆனால் விறைப்பூசி போடும்போது என் கையைத்தான் பிடித்தார். விரல் எலும்பு நொறுங்கும் அளவுக்குப் பிடித்தார். அது எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

பல் இலகுவாக வந்துவிட்டது. இரத்தம் எதிர்பார்த்ததுபோலவே நிற்காமல் வந்தது. வைத்தியர் செல்லுலோஸ் துணியை மடித்து உள்ளே தள்ளினார். நனைந்த மூலை கிடுக்கியோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டாவதை எடுத்தார். அது பாதி இறங்கி, கையுறையில் ஒட்டியது. மூன்றாவதை நன்றாகச் சுருட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். மேலே தைத்து, நெடுநேரம் அழுத்திப் பிடித்தார். இரத்தம் அடங்கியது.

"வேலை செய்யும். ஆனால் கடைவாய்க் குழி ஒடுக்கம். நனைந்ததும் இது எல்லாவற்றிலும் ஒட்டும்" என்று எனக்கல்ல, தனக்கே சொல்வதுபோல முணுமுணுத்தார். "சின்னதாக உள்ளே போய், உள்ளே போன பிறகு தானாக விரிந்தால் எவ்வளவு நல்லது."

என் கண் கிடுக்கியில் ஒட்டிய துணியிலேயே நின்றது. சின்னம்மா வாயில் கட்டுத்துணியைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கு என் முகம் தெரியும். விரலை நீட்டி, "ம்ம்!" என்று ஒரு எச்சரிக்கை விட்டார்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து, இரண்டு பக்கத்தாலும் புட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணாவிடம் போய் வைத்தியர் சொன்னதையும் அந்த இழுப்பறைக் கதையையும் சொன்னேன். நசித்தால் சுருங்கி, நனைந்தால் எழும்பும் குணம் எங்கள் பஞ்சுகளுக்கு ஏற்கனவே இருக்கிறது. இதுவரை நான் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்திருந்தேன்.

"யாராவது ஏற்கனவே பண்ணியிருப்பாங்க. முதல்ல தேடிப் படிங்க. இழுப்பறையும் பாருங்க" என்றார் அண்ணா.

படித்தேன். பண்ணியிருக்கிறார்கள், வேறு காயங்களுக்கு. கடைவாய்க் குழியின் அளவுக்கும், சின்னம்மாவைப் போன்ற, கட்ட மறுக்கும் இரத்தத்துக்கும் பொருந்துமா என்று நான் தேடியவற்றில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இருக்கலாம், இன்னும் தேடுகிறேன். மருத்துவமனையில் பரிசோதித்து மிஞ்சும் இரத்தத்தைப் பெறுவதற்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்ப வேண்டும். பதினொரு பக்கம். நான்கு பக்கம் முடிந்திருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் பல்லைப் பிடுங்குவதைவிட மோசம்.

குளிர்தொட்டி வரும் வியாழன் காலை எட்டு மணிக்கு எனக்குப் பதிவாகியிருக்கிறது. காளான் கைட்டோசான், ஆறு அச்சு. மூன்றை மைனஸ் பன்னிரண்டு பாகையிலும், மற்ற மூன்றை மைனஸ் இருபதிலும் உறைய வைப்பேன். உருக்கி, கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றையும் ஒரு பச்சையரிசி அளவுக்கு நசிப்பேன். பிறகு வைத்தியர் தருவதாகச் சொன்ன பிளாஸ்டர் மாதிரித் தாடையின் கடைசிக் குழிக்குள் ஒவ்வொன்றாக விட்டு, முதலில் வெறும் உப்புத்தண்ணீர் ஊற்றி, அது சுவர்வரை விரிகிறதா என்று பார்ப்பேன். பக்கத்திலேயே அதே அளவு செல்லுலோஸ் துணியும் ஒரு குழிக்குள் இருக்கும். எது கிடுக்கியோடு திரும்பி வருகிறது என்பதையும் எழுதி வைப்பேன்.